புகையாத பிழைகள்

1995 வாக்கில் வந்த கம்ப்யூட்டர்களில் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து மதர்போர்டுக்கு இரண்டு கனெக்டர்கள் போகும். ஒன்று பி8, இன்னொன்று பி9. இரண்டிலும் ஆறாறு ஒயர்கள், இரண்டும் ஒரே அளவு. பக்கத்துப் பக்கத்தில் செருக வேண்டிய இவற்றை இடம் மாற்றிச் செருகினாலும் சிரமமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். சுவிட்சைப் போட்டதும் போர்டு போய்விடும். கறுப்பு ஒயர்கள் நான்கும் நடுவில் ஒன்றாகச் சேர வேண்டும் என்பது அந்த நாளில் அசெம்பிள் செய்யக் கற்றவர்களின் முதல் பாடங்களில் ஒன்று. தெரிந்தவர் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அது கைவந்தது. அந்த வாய்ப்பு இல்லாதவர்கள் ஒரு போர்டை விலையாகக் கொடுத்துக் கற்றார்கள்.

இன்று முதன்முதலாகத் தனக்கென்று ஒரு கேமிங் கம்ப்யூட்டரைக் கட்டும் பிள்ளைக்கு இந்தப் பயம் இல்லை. போர்டுக்குப் போகும் 24 முனை கனெக்டர் ஒரு பக்கமாக மட்டுமே நுழையும். டிடிஆர்4 ரேமுக்கும் டிடிஆர்5 ரேமுக்கும் 288 முனைகள்தான் என்றாலும், நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருப்பதால் ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது இறங்காது. ஜம்பர் கிடையாது, வோல்டேஜைக் கையால் தேர்ந்தெடுக்கும் வேலை கிடையாது. ஆகவே பாகங்களைப் பொருத்தமாகத் தேர்வது சுலபமாகிவிட்டது என்று சொல்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை. அன்றைய பிழை புகையாக எழுந்து தன்னைக் காட்டிக்கொண்டது. இன்றைய பிழை வாய் திறப்பதில்லை. கம்ப்யூட்டர் ஓடும், விளையாட்டும் ஓடும். கொடுத்த காசில் ஒரு பகுதி மட்டும் உள்ளேயே உறங்கிக்கொண்டிருக்கும். வாங்கியவருக்கு அது தெரியாமலே வருடங்கள் போய்விடும். வீட்டில் கெஞ்சிக் கேட்டு, பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் கட்டப்படும் கம்ப்யூட்டருக்கு இப்படி நேர்வது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சென்னையில் பாகங்களைச் சேர்த்து அசெம்பிள் செய்யும் கதை பெரும்பாலும் ரிச்சி தெருவில்தான் நடந்தது. மவுண்ட் ரோட்டை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் இருக்கும் அந்தக் குறுகலான தெரு, ரேடியோ உதிரிப்பாகங்களுக்குப் பேர்போனது, பிறகு கம்ப்யூட்டருக்கும். தொண்ணூறுகளின் இறுதியில் பிராண்டட் கம்ப்யூட்டர் வாங்க முடியாத நடுத்தரக் குடும்பங்களுக்கு ‘அசெம்பிள்டு செட்’ என்ற சொல்லே ஒரு நம்பிக்கை. கடைக்காரர் ஒரு தாளில் கொட்டேஷன் எழுதித் தருவார். ப்ராசஸர், போர்டு, ரேம், ஹார்டு டிஸ்க், சிடி டிரைவ், கேபினட், மானிட்டர், கீபோர்டு, மவுஸ், கடைசியில் யூபிஎஸ். “கேம் விளையாடணும்ணே” என்றால், “அப்ப தனியா ஏஜிபி கார்டு போட்டுக்க தம்பி” என்று ஒரு வரி கூடும். அந்தத் தாளில் எது எதோடு ஒத்துப்போகும் என்பது வாங்குகிறவரின் கவலையாக இருக்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்திருந்தவரின் தலைக்குள் அந்த அறிவு இருந்தது. அவர் நாணயமானவரா, விஷயம் தெரிந்தவரா என்பது மட்டுமே நம் கவலை.

அவர் தலைக்குள் இருந்தது சாதாரண அறிவும் இல்லை. சாக்கெட் 7 என்ற ஒரே சாக்கெட்டில் இன்டெல் பென்டியமும் உட்காரும், ஏஎம்டி கே6ம் உட்காரும், சைரிக்ஸ் 6எக்ஸ்86ம் உட்காரும். மூன்று கம்பெனிகள், ஒரே இருக்கை. இன்றைய கண்ணுக்கு அது பெரிய சுதந்திரம். ஆனால் பழைய பென்டியத்துக்கு 3.3 வோல்ட் அளவில் வேண்டும், எம்எம்எக்ஸ் வந்த பென்டியத்தின் உட்கருவுக்கு 2.8 வோல்ட் போதும். போர்டில் சின்னஞ்சிறு முட்களின் மேல் ஜம்பரை மாட்டித்தான் அதைச் சொல்ல வேண்டும். பஸ் வேகத்துக்கு ஒரு வரிசை ஜம்பர், பெருக்கும் எண்ணுக்கு இன்னொரு வரிசை. போர்டோடு வந்த மெல்லிய புத்தகத்தைத் தொலைத்துவிட்டால் போர்டின் மேல் அச்சடித்திருக்கும் பொடி எழுத்துகளைப் படிக்க வேண்டும். வோல்டேஜைக் கூட்டி வைத்துவிட்டால் ப்ராசஸர் கொதித்து ஆயுளை இழக்கும்.

ரேமுக்கு வேறொரு சட்டம். பென்டியத்தின் மெமரிப் பாதை 64 பிட் அகலம். அன்றைய 72 முனை சிம் ரேம் ஒன்று 32 பிட்தான். ஆகவே ரேமை ஜோடியாகத்தான் போட முடியும். ஒற்றையாகப் போட்டால் பெரும்பாலான போர்டுகளில் திரையே வராது. சவுண்ட் கார்டு வாங்கினால் இன்டரப்ட் தகராறு. பாகங்கள் ப்ராசஸரை அழைக்க அன்றைய கம்ப்யூட்டரில் 16 இன்டரப்ட் வழிகள். கீபோர்டு, பிளாப்பி, பிரிண்டர், சீரியல் போர்ட் என்று ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்ட பிறகு சவுண்ட் பிளாஸ்டர் 5ஆம் எண்ணைக் கேட்கும். மோடத்தைக் காம்3இல் வைத்தால், காம்1இல் இருக்கும் மவுஸும் அதுவும் ஒரே 4ஆம் எண்ணுக்குச் சண்டை போடும். இன்டர்நெட்டுக்கு டயல் செய்ததும் மவுஸ் நின்றுபோன வீடுகள் ஏராளம். ‘டூம்’ விளையாட்டில் சத்தம் வரவைப்பதற்காகவே இந்த எண்களை மனப்பாடம் செய்த பையன்கள், பிற்காலத்தில் நல்ல சிஸ்டம் இன்ஜினியர்கள் ஆனதைப் பார்த்திருக்கிறேன்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அன்றைக்கு அநியாயம் செய்தவன் ஆவேன். சத்தமில்லாத பிழை அன்றும் உண்டு. 1996இல் ‘குவேக்’ வந்தபோது சைரிக்ஸ் வாங்கியவர்கள் அதைச் சந்தித்தார்கள். சைரிக்ஸ் பி166 பிளஸ் என்ற ப்ராசஸர் உண்மையில் 133 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. 166 மெகாஹெர்ட்ஸ் பென்டியத்துக்கு இணை என்பதே பெயரின் பொருள். ஆபீஸ் வேலையில் அந்தப் பேச்சு செல்லுபடியானது. குவேக் பெரிதும் தசம எண் கணக்கை நம்பி எழுதப்பட்ட விளையாட்டு. அந்தக் கணக்கில் சைரிக்ஸ் பலவீனம். சாக்கெட்டில் சரியாக உட்கார்ந்தது, வோல்டேஜும் சரி, விளையாட்டு மட்டும் தள்ளாடியது. எந்த வேலைக்காக வாங்குகிறோமோ அந்த வேலையில் பாகம் எப்படி நடந்துகொள்கிறது என்ற கேள்வி அப்போதே பிறந்துவிட்டது.

1998 ஆகஸ்டில் வந்த செலரான் 300ஏ, பொருத்தம் பார்க்கும் கலைக்கே ஒரு பொற்காலம். 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை நாலரையால் பெருக்கி 300 என்று விற்கப்பட்ட மலிவு ப்ராசஸர் அது. இன்டெல்லின் 440பிஎக்ஸ் போர்டில் பஸ்ஸை 100க்கு ஏற்றினால் அதே நாலரை மடங்கில் 450 ஆகிவிடும். விலை உயர்ந்த பென்டியம் 2 தரும் வேகம். ஆனால் அதற்குப் பிசி100 ரேம் வேண்டும். பிசி66 ரேமில் தடுக்கி விழும். பஸ் வேகத்தை மாற்ற விடாத போர்டுகளில், ப்ராசஸரின் பி21 என்ற முனையை ஒரு துண்டு டேப்பால் மறைத்து அதே காரியத்தைச் சாதித்தார்கள். தேர்ந்தெடுத்த மூன்று மலிவான பாகங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துழைத்தால், விலையுயர்ந்த ஒன்றைத் தோற்கடிக்கலாம் என்று ஒரு தலைமுறைக்கே அந்தச் சின்னச் சில்லு காட்டியது.

கிராபிக்ஸ் கார்டுக்கு வருவோம். முதல் வூடூ கார்டும் வூடூ2ம் முப்பரிமாணப் படத்தை மட்டுமே வரையும். சாதாரணத் திரைக்கு இன்னொரு கார்டு தனியாக வேண்டும். முதல் கார்டிலிருந்து ஒரு கேபிள் வெளியே வந்து வூடூவுக்குள் புகுந்து, அங்கிருந்து மானிட்டருக்குப் போகும். பிறகு கிராபிக்ஸ் கார்டுக்கென்றே ஏஜிபி ஸ்லாட் வந்தது, கூடவே வோல்டேஜ் தகராறும். முதலில் வந்தவை 3.3 வோல்ட், அடுத்தவை 1.5 வோல்ட். இரண்டையும் பிரிக்க ஸ்லாட்டில் தடுப்பும் கார்டில் வெட்டும் வைத்திருந்தார்கள். இருந்தும் சில 3.3 வோல்ட் கார்டுகள் எல்லா ஸ்லாட்டிலும் நுழையும் வெட்டோடு சந்தைக்கு வந்துவிட்டன. 2001இல் வந்த இன்டெல் 845 போர்டில் அப்படிப்பட்ட பழைய கார்டைச் செருகியவர்கள் போர்டை இழந்தார்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் பின்னால் இருந்த சிவப்பு சுவிட்சைச் சொல்லவே வேண்டாம். 115, 230 என்று இரண்டு பக்கம். நம் ஊர் மின்சாரத்தில் அது 115இல் இருந்தால் ‘டப்’ என்ற ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அதே 2001இல் டாம்ஸ் ஹார்டுவேர் ஒரு காணொளியை வெளியிட்டது. குவேக் 3 ஓடிக்கொண்டிருக்கும்போதே ப்ராசஸரின் மேலிருந்து ஹீட் சிங்க்கைக் கழற்றுகிறார்கள். ஏஎம்டி ஆத்லான் நொடிகளில் புகைந்து சாகிறது. பென்டியம் 4 சாகவில்லை. வேகத்தைக் குறைத்துக்கொண்டு, படம் நத்தையாக ஊர, ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தக் காலத்தில் இதை இரண்டு கம்பெனிகளின் போட்டியாகவே எல்லோரும் பேசினார்கள். இன்று திரும்பிப் பார்த்தால், இரண்டு காலங்கள் பிரிந்த இடமாக எனக்கு அது படுகிறது. ப்ராசஸர் தன்னைத் தானே காத்துக்கொள்ளக் கற்றது பெரும் நன்மை. அன்றிலிருந்து பிழை மறைந்துகொள்ளவும் கற்றுவிட்டது.

இன்றைக்கு அதே ஹீட் சிங்க் பிழையை எடுத்துக்கொள்ளுங்கள். ஹீட் சிங்க்கின் அடியில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் காகிதம் ஒட்டியிருக்கும். மாட்டும் முன் உரிக்க வேண்டும். முதன்முதலாகக் கட்டுகிறவர்கள் பலர் அதை உரிக்க மறந்துவிடுகிறார்கள். ஒன்றும் எரியாது. விண்டோஸ் ஏறும், விளையாட்டு திறக்கும். சூடு ஏறும்போதெல்லாம் ப்ராசஸர் வேகத்தை இறக்கிக்கொண்டு சமாளிக்கும். ‘இந்த மாடலே இவ்வளவுதான் போலிருக்கிறது’ என்று உரிமையாளர் நினைத்துக்கொள்வார். சென்னையின் மே மாதத்தில், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்து அடைத்த அழகான கேபினட்டில், உரித்தே மாட்டியிருந்தாலும் இது நடக்கலாம். கேபினட்டின் முன்பக்கம் காற்று நுழையும் வலையாக இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது அதனால்தான். விளக்குகளின் அழகு அதற்குப் பிறகுதான்.

சாக்கெட்டுக்கு வருவோம். மூன்று கம்பெனிகள் பகிர்ந்துகொண்ட இருக்கை இன்று கிடையாது. ஏஎம்டி போர்டு ஏஎம்டிக்கு, இன்டெல் போர்டு இன்டெல்லுக்கு. அந்த எல்லைக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத வேலிகள் உண்டு. இன்டெல்லின் 1151 முனை சாக்கெட் 2015இல் ஒன்று வந்தது, 2017இல் இன்னொன்று வந்தது. பெயர் ஒன்று, முனைகளின் எண்ணிக்கை ஒன்று, ப்ராசஸர் இரண்டிலும் அழகாக உட்காரும். எட்டாம் தலைமுறை ப்ராசஸரைப் பழைய போர்டில் வைத்தால் திரை மட்டும் வராது.

ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டோ முதல் கம்ப்யூட்டர் கட்டுகிறவர்களுக்குக் கிடைத்த பெரிய கொடை. 2017இல் முதல் ரைசனோடு வாங்கிய பல போர்டுகளில், போர்டை எழுப்பும் மென்பொருளான பயாஸைப் புதுப்பித்துவிட்டு 2022இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டியை மாட்ட முடிந்தது. போர்டையும் ரேமையும் தொடாமல் ஐந்து வருடத் தாவல். இது தானாக நடக்கவில்லை. பல போர்டுகளின் பயாஸ் சில்லில் 16 எம்பிதான் இடம். புதிய ப்ராசஸர்களைச் சேர்க்கப் பழையவற்றில் சிலதை நீக்க வேண்டியிருந்தது. 2020 மே மாதத்தில், பி450 போர்டுகளுக்கு அடுத்த தலைமுறை கிடையாது என்று ஏஎம்டி அறிவித்தது. வாங்கியவர்கள் கடுமையாக எதிர்த்த பிறகு முடிவை மாற்றிக்கொண்டது.

இந்தப் பயாஸ்தான் இன்றைய பொருத்தத்தின் மையம். போர்டு கடையின் அலமாரியில் ஒரு வருடம் தூங்கியிருந்தால், அதன் பிறகு வந்த ப்ராசஸரை அதற்கு அடையாளம் தெரியாது. புதுப்பிக்க வேண்டுமானால் அது அறிந்த பழைய ப்ராசஸர் ஒன்று வேண்டும். புதிதாகக் கட்டுகிறவரிடம் பழையது ஏது? இதற்காகவே இப்போது பல போர்டுகளில் ப்ராசஸர் இல்லாமலே பென் டிரைவிலிருந்து பயாஸை ஏற்றும் பட்டன் ஒன்று பின்பக்கம் இருக்கிறது. போர்டு தேர்வு செய்யும்போது அந்தப் பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் எந்த ப்ராசஸர் எந்தப் பயாஸ் பதிப்பு முதல் ஓடும் என்ற பட்டியல் இருக்கும். ரிச்சி தெரு அண்ணன் தலைக்குள் இருந்த அறிவு இன்று அங்கேதான் குடியிருக்கிறது. பிசி பார்ட்பிக்கர் போன்ற கருவிகளில் பாகங்களைச் சேர்த்தால் ஒவ்வாதவற்றைச் சிவப்பில் காட்டும். தொடங்க நல்ல இடம். ஆனால் அந்தக் கருவிகள் பச்சை காட்டியதை முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சாக்கெட், நீளம், வாட் இவற்றை அவை பார்க்கும். வாங்கிய காசுக்கு வேலை நடக்குமா என்பதை அவை பார்ப்பதில்லை.

ரேமைப் பாருங்கள். பெட்டியில் 6000 என்று அச்சடித்த டிடிஆர்5 ரேமை மாட்டி அப்படியே விட்டுவிட்டால், பெரும்பாலும் 4800இல்தான் ஓடும். பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற தேர்வை இயக்கினால்தான் அச்சடித்த வேகம் வரும். எத்தனை வீடுகளில் அந்தத் தேர்வு இன்னும் அணைந்தே கிடக்கிறதோ! ஜோடி விதி இன்றும் இருக்கிறது, உருமாறி. ஒற்றை ரேம் போட்டாலும் கம்ப்யூட்டர் எழும். மெமரிப் பாதை பாதியாகிவிடும். நான்கு ஸ்லாட்டில் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும் என்பதும் போர்டின் புத்தகத்தில் இருக்கும். ‘இப்போது இரண்டு வாங்குவோம், பிறகு இரண்டு சேர்ப்போம்’ என்ற நம் பழைய சிக்கனக் கணக்கு டிடிஆர்5இல் திருப்பி அடிக்கிறது. ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டியே தந்திருக்கும் கணக்குப்படி இரண்டு ரேம் என்றால் 5200, நான்கு என்றால் 3600. அதற்கு மேல் போவது அவரவர் அதிர்ஷ்டம். தேவையான அளவை இரண்டே ரேமில் முதலிலேயே வாங்கிவிடுவது மேல். இன்னொன்று: டிடிஆர்5 போர்டு முதல் முறை எழும்போது ரேமோடு பழகுவதற்குச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். திரை கறுப்பாகவே இருக்கும். பதறிப் போய் சுவிட்சை அணைக்காமல் பொறுத்திருங்கள்.

கிராபிக்ஸ் கார்டில்தான் ஏழையின் காசு அதிகம் வீணாகிறது. ஏஜிபி காலம் போய் 2004இல் பிசிஐ எக்ஸ்பிரஸ் வந்தது. எந்தத் தலைமுறைக் கார்டும் எந்தத் தலைமுறை ஸ்லாட்டிலும் ஓடும் என்பது அதன் வாக்குறுதி. வாக்கு காப்பாற்றப்பட்டது, ஓடத்தான் செய்கிறது. 2022 ஜனவரியில் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வந்தது. ஸ்லாட்டில் செருகும் பகுதி முழு நீளம், ஆனால் உள்ளே இணைப்பு நான்கு லேன் மட்டும். பதினாறு வழிச் சாலையில் நான்கை மட்டும் திறந்துவிட்டது போல. நான்காம் தலைமுறைப் போர்டில் அந்த நான்கும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். மூன்றாம் தலைமுறைப் போர்டில் ஒவ்வொரு லேனின் வேகமும் பாதி. கார்டின் சொந்த மெமரி 4 ஜிபிதான் என்பதால், அது நிரம்பும்போதெல்லாம் அந்தக் குறுகிய வழியாகத்தான் தரவு போய்வர வேண்டும். சில விளையாட்டுகளில் வேகம் நன்றாகவே சரிந்தது. பி450 போன்ற பழைய போர்டு வைத்திருப்பவர்தானே இருப்பதிலேயே மலிவான புதுக் கார்டைத் தேடுவார்? யாருக்கென்று விற்றார்களோ அவருக்கே அது குறைவாக வேலை செய்தது. இன்டெல்லின் ஆர்க் கார்டுகளிலும் இதுபோல ஒன்று. ரீசைசபிள் பார் என்ற வசதி பயாஸில் இயங்கினால்தான் அவை தம் வேகத்தைக் காட்டும். பழைய ப்ராசஸர்கள் பலவற்றில் அது முறையாகக் கிடைப்பதில்லை. கார்டின் பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் ஜிபி எண்ணை மட்டும் பார்த்து வாங்கும் பழக்கம் ஏஜிபி காலத்திலிருந்தே நம்மைத் தொடர்கிறது. லேன் எத்தனை, என் போர்டு எந்தத் தலைமுறை என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பிழை வேறு இடத்தில் முகம் காட்டுவதும் உண்டு. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்கள் பலவற்றில் 2024இல் அது நடந்தது. விளையாட்டு நடுவில் முறிந்து, வீடியோ மெமரி போதவில்லை என்று செய்தி வரும். எல்லோரும் கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகித்தார்கள். குற்றம் ப்ராசஸருக்குள் தேவைக்கு மேல் போன வோல்டேஜில் இருந்தது. மைக்ரோகோடு மாற்றத்தைப் பயாஸ் வழியாக அனுப்பினார்கள், வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டினார்கள். ஏற்கெனவே கெட்டுப்போன ப்ராசஸரை எந்தப் பயாஸும் மீட்கவில்லை. செகண்ட்ஹேண்டில் அந்த வரிசையை வாங்க நினைப்பவர்கள் வாரண்டி மீதியிருப்பதை மட்டும் எடுப்பது நல்லது.

புகை முற்றிலும் ஒழிந்துவிட்டதா என்றால் இல்லை. மின்சாரம் போகும் வழியில் அது இன்னும் காத்திருக்கிறது. 2022 அக்டோபரில் வந்த ஆர்டிஎக்ஸ் 4090இன் 16 முனை கனெக்டர் பல இடங்களில் உருகியது. 450 வாட் கேட்கும் கார்டு அது. கனெக்டர் முழுதாக உள்ளே போகாமல் இருந்தது முக்கியக் காரணங்களில் ஒன்று. பிறகு அந்த முனைகளின் நீளத்தையே மாற்றி அமைத்தார்கள். ‘க்ளிக்’ என்று உட்காரும்வரை அழுத்த வேண்டும் என்ற பாடம் பி8, பி9 பாடத்தின் வாரிசு. கேபிளைக் கழற்றி மாட்டும் மாடுலர் எஸ்எம்பிஎஸ்ஸில் இன்னொரு கொடுமை இருக்கிறது. கார்டுப் பக்கம் உள்ள முனை எல்லாக் கம்பெனிக்கும் ஒன்றே. எஸ்எம்பிஎஸ் பக்கம் எந்த முனையில் எந்த வோல்டேஜ் என்பதற்குப் பொதுச் சட்டமே இல்லை. ஒரு கம்பெனியின் கேபிளை இன்னொன்றில் மாட்டினால் கச்சிதமாகப் பொருந்தும், எஸ்எஸ்டியும் ஹார்டு டிஸ்க்கும் ஒரே நொடியில் போய்விடும். பழைய எஸ்எம்பிஎஸ்ஸைத் தூக்கிப் போடும்போது அதன் கேபிள்களையும் சேர்த்தே போட்டுவிடுங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸில் காசைக் குறைக்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் மன்றாடுவேன். கேபினட்டோடு இலவசமாக வந்த ‘450 வாட்’ எஸ்எம்பிஎஸ்கள் அன்று அந்த எண்ணில் பாதியைக்கூட ஒழுங்காகத் தாங்கவில்லை. கார்டுக்குத் தனி மின்சாரம் தேவைப்படாத காலம் என்பதால் தப்பித்தோம். இன்றைய கார்டுகள் கண நேரத்துக்குத் தம் சராசரியைவிட வெகு மேலே எகிறுகின்றன. 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதிகள் அந்தத் திடீர்த் தாவலைத் தாங்கும்படி எஸ்எம்பிஎஸ்ஸை வகுத்தன.

நம் ஊருக்கே உரிய ஒரு பாகம் வெளிநாட்டுப் பட்டியல்களில் இருக்காது: யூபிஎஸ். தமிழ்நாட்டில் 2008க்குப் பிறகு சில வருடங்கள் மணிக்கணக்கில் மின்வெட்டை அனுபவித்த எந்த வீட்டுக்கும் அது கொட்டேஷனின் தவிர்க்க முடியாத கடைசி வரி. பரவலாக விற்கும் 600 விஏ யூபிஎஸ் சுமார் 360 வாட் தரும். ஆர்டிஎக்ஸ் 4060 போல 115 வாட் கார்டு போட்ட கம்ப்யூட்டரை அது மானிட்டரோடு சேர்த்துத் தாங்கிவிடலாம். 300 வாட் கார்டு போட்டால், கரண்ட் போன நொடியில் யூபிஎஸ் கத்திவிட்டு அணையும். எதற்காக வாங்கினோமோ அதற்கே உதவாது. சின்ன யூபிஎஸ்கள் பேட்டரியில் ஓடும்போது தருவது முழுமையான சைன் அலையும் இல்லை, படிக்கட்டு வடிவ அலை. ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள நல்ல எஸ்எம்பிஎஸ் சில அதை ஏற்காமல் நின்றுவிடும். ஆகக் கார்டை உயர்த்தும் ஒவ்வொரு முறையும் எஸ்எம்பிஎஸ், யூபிஎஸ் இரண்டின் கணக்கையும் திரும்பப் போட வேண்டும்.

விலை விஷயத்தில் 2025 இறுதி நம்மைப் புரட்டிப் போட்டது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை வாரிக்கொண்டதில் ரேம் விலை சில மாதங்களில் இரு மடங்கைத் தாண்டியது. டிசம்பரில், வீட்டு உபயோகத்துக்கான க்ரூஷியல் பிராண்டையே நிறுத்தப்போவதாக மைக்ரான் அறிவித்தது. ஏஎம்4க்கு அடுத்த சாக்கெட்டான ஏஎம்5, டிடிஆர்5 என்று புதிதாகத் தொடங்குவதா, நண்பர் விற்கும் ஏஎம்4 போர்டையும் டிடிஆர்4 ரேமையும் சேர்த்து எடுத்து ரைசன் 5 5600 போடுவதா என்ற கேள்விக்கு ஒரு வருடத்துக்கு முன் நான் சொல்லியிருக்கக்கூடிய பதில் வேறு. ரேம் ஏற்கெனவே கைவசம் இருந்தால், இப்போதைக்கு அந்தப் பழைய பாதையே நியாயம்.

எந்தப் பாதை என்றாலும் தேர்வை மானிட்டரிலிருந்து தொடங்குங்கள். 1080பி திரையில் ‘வாலரண்ட்’ விளையாடுகிறவருக்கு ப்ராசஸரும் ரேமும் முக்கியம். 1440பி திரையில் ‘சைபர்பங்க் 2077’ விளையாடுகிறவருக்குக் கார்டு முக்கியம். வாலரண்டுக்கு விண்டோஸ் 11இல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் இரண்டும் பயாஸில் இயங்க வேண்டும் என்பதையும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள். ப்ராசஸர் பெயரின் முடிவில் எஃப் என்ற எழுத்து இருந்தால், ஐ5 12400எஃப் போல, அதில் கிராபிக்ஸ் கிடையாது. கார்டு வந்து சேரும்வரை திரை இல்லை.

எல்லாம் மாட்டி, விண்டோஸ் ஏற்றி, முதல் விளையாட்டு ஓடிய அன்றைக்கே ஒரு அரைமணி ஒதுக்குங்கள். மானிட்டர் கேபிள் போர்டில் இல்லாமல் கார்டில்தான் செருகியிருக்கிறதா என்று பின்னால் எட்டிப் பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் மெமரிப் பக்கத்தைத் திறந்தால் ரேமின் உண்மையான வேகம் இருக்கும்; பெட்டியில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். ஜிபியு-இசட் என்ற சின்ன மென்பொருள், கார்டு எத்தனை லேனில் எந்தத் தலைமுறையில் பேசுகிறது என்று சொல்லும். விளையாட்டு ஓடும்போது பார்க்க வேண்டும், சும்மா இருக்கும்போது அந்த எண் தாழ்ந்திருக்கும். பத்து நிமிடம் விளையாடிவிட்டு ப்ராசஸரின் சூட்டையும் வேகத்தையும் பாருங்கள். கடைசியாக விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, அதற்குள் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியவர்களில் பலருக்கும் அங்கே 60 என்றே இருக்கும். அதை மாற்றிவிட்டு விளையாடத் தொடங்குங்கள்.